முடிச்சின் விதி

“நீ பாட்டுக்கு முடிச்சைப் போடு. விளக்கம் சொல்றது என் வேலை” என்றார் ஓவியப் பேராசிரியர். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி தலையாட்டிவிட்டு நூலை எடுத்துக்கொண்டாள்.

கூடத்தின் கூரையிலிருந்து தரைவரை வெள்ளை நூல்கள் தொங்கின. நாளுக்கு ஒரு நூல், எட்டு வருடம். கண்காட்சிக்குப் படைப்புகளைத் தேர்வு செய்ய வந்த பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு நடுவே நடந்தாள்.

“எல்லாம் கையாலயா சார்?”

“கை இவளோடது, கலை என்னோடது. சும்மா டிவி பார்த்துட்டு இருந்தவளை நான்தான் உட்கார வச்சேன். நான் இல்லைன்னா இது வெறும் நூல்கண்டு மேடம்.”

மனைவியின் விரல்கள் வேலையிலேயே இருந்தன.

“இந்த ஆறு நூல்ல முடிச்சே இல்லையே?”

“அதுவா? தொண்டை கட்டி ஆறு நாள் எனக்குப் பேச்சே வரலை. நான் அதட்டலைன்னா இவளுக்குக் கை ஓடாது.”

வந்தவள் சிரிக்காமல் படிவத்தை எடுத்தாள். அவர் தன் பெயரைப் பட்டங்களோடு சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆனது.

“அம்மா பேரு?”

“உதவின்னு கீழே சின்னதா போட்டுக்கலாம். இவளுக்கு இதெல்லாம் பழக்கமில்லை.”

மனைவி நிமிர்ந்து படிவத்தையே பார்த்தாள்.

“ஒரு சிக்கல் சார். விதி வச்சு செய்யற வேலைக்குத்தான் இந்தக் கண்காட்சி. விதியைச் சுவத்துல எழுதி மாட்டணும். விதி யாரோடதோ, அவங்க பேரைத்தான் போடுவோம். எப்போ முடிச்சு விழும்? அதைச் சொல்லுங்க.”

பேராசிரியர் செருமிக்கொண்டார். “காலத்தின் இடைவெளியில் மனம் தன்னைத்தானே...”

“அது விளக்கம் சார். விதி ஒரு வரிதான் இருக்கும்.”

அவர் முதல்முறையாக நூல்களை உற்றுப் பார்த்தார். ஒன்றில் நாற்பது முடிச்சு. பக்கத்து நூலில் நூற்றுப் பத்து. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

“என்ன முழிக்கிறே? நான் சொன்னதுதானே, எடுத்துச் சொல்லேன்!”

மனைவி ஒரு முடிச்சை நிதானமாக இறுக்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

“இவர் ‘நான்’னு சொல்றப்பல்லாம் ஒண்ணு போடணும் மேடம், அவ்வளவுதான்.”