தறி ஓடும்போது மட்டும்

"தறி ஓடும்போது உள்ள வந்து கேட்டீங்கன்னா பேசுவான். வெளிய வச்சுன்னா வாயே திறக்க மாட்டான். சம்மதமா தம்பி?" என்று கேட்டாள் கோமதித்தாய்.

ஃபாரூக் தலையாட்டினான். சம்மதிக்காமல் என்ன செய்வது?

சங்கரன்கோவிலில் இந்த அக்காவின் விசைத்தறி செட்டில், அந்தக் கொட்டகையில்தான் அவள் தம்பி அய்யாத்துரை வந்து ஒதுங்கியிருந்தார். 'ஊடும் பாவும்' என்ற ராக் பேண்டை ஆரம்பித்தவர். தமிழில் ராக் பாடினால் எவன் கேட்பான் என்றவர்களையே வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வைத்தவர். இன்றைக்குக் கிடாரைத் தூக்கும் எந்தப் பையனும் அவர் தாளத்தைக் கொஞ்சமாவது திருடாமல் மேடை ஏறுவதில்லை.

அப்பேர்ப்பட்டவர் திடீரென்று மேடையை விட்டார். போனை எடுப்பதில்லை. ரசிகர்கள் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு விருது விழாவில் பேர் சொல்லி அழைத்தும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஆளுக்குத் தலைக்கனம். அதையே தலைப்பாப் போட்டு எழுது" என்றார் ஃபாரூக்கின் பத்திரிகை ஆசிரியர்.

ஃபாரூக்குக்கு மனசு கேட்கவில்லை. கடையநல்லூரில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவர் பாட்டிலேயே வளர்ந்தவன். "நேர்ல பேசிட்டு வாரேன் சார். மேடையை ஏன் விட்டாருன்னு அவரு வாயாலேயே வாங்கிட்டு வாரேன். முடியலன்னா உங்க தலைப்பையே போட்டுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருந்தான்.

"உள்ள போனதும் கத்தாதீங்க. அவன் மூஞ்சியப் பாத்து வாயை நல்லா அசைச்சாப் போதும்" என்றாள் கோமதித்தாய். "தறிக்காரங்க நாங்க உதட்டைப் பாத்துத்தான் பேசிக்கிடுவோம். அந்தச் சத்தத்துல வேற என்ன செய்ய?"

உள்ளே அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. பதிவு செய்யலாம் என்று எடுத்த போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். இப்படி ஒரு இடத்தில் பேட்டி வைக்கிற ஆளைத் தலைக்கனம் என்று சொல்லாமல் என்ன சொல்வார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அய்யாத்துரை கைலி கட்டிக்கொண்டு, நீள முடியை ஒரு பாவு நூலால் முடிந்துகொண்டு, தறி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஃபாரூக் வாயசைத்தான். "இந்தத் தாளத்தை எங்க பிடிச்சீங்க அண்ணாச்சி?"

அவர் அவன் காதோரம் குனிந்து கத்தினார். "இங்கனதான் வே. என்னைய நூல் மூட்டை மேல படுக்கப் போட்டுட்டு அம்மா தறி ஓட்டுவா. அவ தாலாட்டு எனக்குக் கேட்டதே இல்ல. தறிதான் கேட்டுச்சு."

"முதல் மேடை?"

"நம்மூரு கோயில்ல ஆடித் தபசுத் திருவிழாக் கச்சேரி. நான் வாசிச்ச வேகத்துல பயந்துபோயி மைக்செட்டுக்காரரு ஒயரைப் புடுங்கிட்டாரு. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, சரியான பாதையிலதான் போறோம்னு."

ஃபாரூக் வாய்விட்டுச் சிரித்தான். தலைக்கனமாவது ஒன்றாவது.

"மேடையை ஏன் விட்டீங்க?"

அதைக் கேட்டதும் பேச்சை மாற்றினார். அவரே ஒரு கேள்வி போட்டார். "மூணாம் ஷிப்டு கேட்டீரா? எப்படி இருக்கு வே? உள்ளபடி சொல்லும்."

'மூணாம் ஷிப்டு' போன வருஷம் வந்த ஆல்பம். அவர் போட்டதிலேயே உச்சம் அதுதான் என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதித் தீர்த்திருந்தன. ஃபாரூக் ஒவ்வொரு பாட்டாகச் சொன்னான். மூன்றாவது பாட்டைக் கேட்டு வாப்பா நினைப்பில் அழுததைச் சொன்னான். அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனைப் போல நின்றார் அவர். இத்தனை பெரிய ஆளுக்கு இத்தனை ஆசையா என்று ஃபாரூக்குக்கு உருகிப்போயிற்று.

அய்யாத்துரையின் தறியில் நூல் அறுந்தது. அதை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக் குனிந்து முடிச்சுப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. செட் முழுக்க அமைதியானது.

ஃபாரூக்குக்குச் சந்தோஷம். கடைசியாக ஒருமுறை நிதானமாகக் கேட்டுவிடலாம்.

"அண்ணாச்சி, உங்களுக்குத் தலைக்கனம்னு எழுதச் சொல்லுதாங்க. நான் என்ன எழுதட்டும்?"

அவர் திரும்பவில்லை. மறுபடியும், கொஞ்சம் சத்தமாகவே கேட்டான். தறிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாரூக்குக்கு முகம் சுண்டிப்போனது. ஆசிரியர் சொன்னதுதான் சரியோ?

முடிச்சுப் போட்டு முடித்தவர் நிமிர்ந்து, அவன் காதோரம் வந்து, முன்னைப் போலவே அடித்தொண்டையில் கத்தினார். "அந்த மூணாவது பாட்டுல டிரம்ஸ் ரொம்பத் தூக்கலா இருக்கோ வே?"

செட்டே அதிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. கோமதித்தாய் தூரத்திலிருந்து கையைத் தாழ்த்திக் காட்டினாள். அப்போதுதான் அவர் சுற்றிலும் நின்றுபோன தறிகளைப் பார்த்தார். அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

கோமதித்தாய் ஃபாரூக்கை வெளியே கூட்டி வந்தாள்.

"காது சுத்தமாப் போயி நாலு வருசம் ஆவுது தம்பி. மேடைச் சத்தம் தின்னுட்டு. தறி ஓடுனா எல்லாரும் அவனை மாதிரிதான? அதான் அங்கன மட்டும் பேசுதான்."

"வெளிய சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா அவன் பாட்டைப் பாவப்பட்டுக் கேப்பாங்களாம். அதுக்குத் தலைக்கனம் பிடிச்சவன்ங்கிற பேரே இருந்துட்டுப் போவட்டும்ங்கான். நீங்களும் அப்படியே எழுதிருங்க."

ஃபாரூக் விடைபெற்றுக் கிளம்பினான். இரண்டடி நடந்தவன் சட்டென்று நின்றான்.

"அக்கா, மூணாம் ஷிப்டு போன வருசம்தான வந்துச்சு?"

"ஆமா. ஓடுற தறியில கிடாரைச் சாச்சு வச்சு, அந்த அதிர்வை நெஞ்சுல வாங்கி வாங்கித்தான் அவ்வளவையும் போட்டான். அதுல ஒரு பாட்டைக்கூட அவன் இன்னும் கேட்டதில்ல தம்பி. அதான் எப்படி இருக்குன்னு உங்ககிட்டக் கேட்டான்."