அப்பா சொன்ன குறைகள்

"இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன் சிஸ்டர். என் பொண்ணை நீங்க சேர்த்துக்காதீங்க."

சொன்னவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடி உயரத்தில், கம்பியில் தொங்கும் பெட்டிக்கு மேல் நின்று ஸ்பேனர் பிடிக்கிற மனிதர். ஆனால் ஒரு கன்னியாஸ்திரியின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல அவருக்கு நாலு வருடம் பிடித்தது. பால் வாங்கி வரச் சொல்லி மகளை அவரேதான் வெளியே அனுப்பியிருந்தார். அவள் திரும்ப எப்படியும் இருபது நிமிடம் ஆகும்.

எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்த சிஸ்டருக்கு, மடத்தில் சேர விண்ணப்பிக்கும் பெண்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்து எழுதுவது வேலை. இந்த வீட்டுக்கு இது மூன்றாவது முறை.

முதல் இரண்டு முறையும் மெக்கானிக் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று வரவேற்றார். "எனக்குப் பூரண சம்மதம் சிஸ்டர். என் பேச்சைத் தட்டாத பொண்ணு" என்று வாய் நிறையச் சொன்னார். பிடிக்கவில்லை என்று கன்னியாஸ்திரியிடமே சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்? எப்படியாவது இவளை வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டதோடு சரி.

அவர் வேண்டியபடியே இரண்டு முறையும் கடிதம் வந்தது. 'இப்போதைக்கு ஏற்பதற்கில்லை. தொடர்ந்து செபியுங்கள்.' காரணம் ஒன்றும் எழுதவில்லை. மகள் அழுதாள், அவர் நிம்மதியாகத் தூங்கினார். மனைவி போன பிறகு அவருக்கென்று இருப்பது அந்த ஒரு பெண்தான். மூன்றாவது முறையும் அதிர்ஷ்டம் கைகொடுக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"ஏன் சேர்த்துக்கக் கூடாது?" சிஸ்டர் பேனாவைத் திறந்தார்.

"மகா பிடிவாதக்காரி. உங்க மடத்துல மதர் சொல்றதைக் கேட்டு நடக்கணும் இல்லையா? இவ கேட்க மாட்டா. பெத்த அப்பன் பேச்சையே கேட்கலையே."

"அப்படி என்ன கேட்கல?"

"காலைப் பூசைக்குப் போகாதேன்னு சைக்கிள் சாவியை எடுத்து ஒளிச்சு வச்சேன். நாற்பது நிமிஷம் நடந்தே போனா. அங்கேயிருந்து அப்படியே ரத்தப் பரிசோதனை லேபுக்கு வேலைக்குப் போயிடுவா. சாவி எங்கேன்னு ஒரு நாள்கூட என்னைக் கேட்கல சிஸ்டர். அதுதான் எனக்கு எரிச்சல்."

சிஸ்டர் எழுதிக்கொண்டார். அவர் எழுத எழுத மெக்கானிக்குக்குத் தெம்பு கூடியது.

"முதல் லெட்டர் வந்தப்ப, சரி, சனியன் விட்டுதுன்னு ஒரு நல்ல வரன் பார்த்தேன். இவ அந்தப் பையன்கிட்ட தனியா பேசணும்னா. என்ன சொன்னாளோ, போன மாசம் வழியில பார்த்தேன், இவ மடத்துல சேரணும்னு தினமும் வேண்டிக்கிறானாம்."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக் சிரிக்கவில்லை.

"மூணு மாசம் முகம் குடுத்துப் பேசாம இருந்தேன். இவ பாட்டுக்கு எனக்குச் சோறு போட்டுட்டு, இவளே கேள்வி கேட்டு, இவளே பதிலும் சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. கடைசியில உப்பு கேட்கிற சாக்குல நான்தான் பேசினேன்."

"அப்புறம்?"

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "இதைச் சொல்ல வெட்கமா இருக்கு. இந்தத் தடவை விண்ணப்பத்தை நான் தபால்ல போடறேன்னு வாங்கி என் டூல்ஸ் பெட்டியில போட்டுட்டேன். ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துட்டு, இன்னொண்ணு எழுதி அவளே நேர்ல கொண்டுவந்து குடுத்துட்டா."

"தபால்ல தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா."

"அப்படியா சொன்னா?" அவர் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாமல் இருந்தது. "சிஸ்டர், அவ போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கிட்டப் பேசுவேன்? அதையும் எழுதிக்குங்க. எனக்குச் சம்மதமில்லை. என்னைக்குமே இருந்ததில்லை."

சிஸ்டர் பேனாவை மூடினார்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி புதுப் பிள்ளைங்க வந்து சேர்றாங்க. அவளையும் கூட்டிட்டு வாங்க."

"நான் இவ்வளவு சொன்ன பிறகுமா?"

"நீங்க சொன்னதாலதான்." சிஸ்டர் ஃபைலைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினார். நாலு வருடத்துக்கு முந்தைய தாளில் சிஸ்டரின் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன: 'தகப்பனாருக்கு அளவு கடந்த ஆர்வம். மகள் அவர் பேச்சைத் தட்ட முடியாமல் வருகிறாள் எனத் தோன்றுகிறது, ஏற்க வேண்டாம்.' அதற்குக் கீழே, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியில், 'அதே நிலை.'

"பெத்தவங்க ஆசைக்காக வர்ற பொண்ணு மடத்துல நிலைக்க மாட்டா. அப்படி ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு நான் பட்டது போதும்."

மெக்கானிக் அந்த இரண்டு வரிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெருவில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"வீட்டுல எதிர்ப்பு இருக்கான்னு ரெண்டு தடவையும் அவகிட்டத் துருவித் துருவிக் கேட்டேன்" என்றார் சிஸ்டர். "'அப்பாவுக்கு இஷ்டமில்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு வருஷம் முன்னாடியே சேர்த்திருப்பேன், உங்களை விட்டுக்கொடுக்க மனசில்லாம அவ அதை மட்டும் சொல்லவே இல்லை."