கரண்ட் போன நேரம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஒரு கதை வைத்திருக்கிறேன். சத்தம் போடாமல் கேட்க வேண்டிய கதை. ஒரு நூல் மில்லில் மயிலாத்தாள் என்றொருத்தி வேலை பார்த்தாள். அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். மயிலாத்தாளின் உதடு மட்டும் தனியாக இருக்கும்போதும் ஓயாமல் அசையும். “யாரைக்கா அந்தத் திட்டு திட்டறே, மாமாவையா?” என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கூட வேலை பார்க்கும் ருக்கு கேலி செய்தாள். “என்னையத்தான் புள்ள. ‘உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை, இப்பப் பாரு, நீ இழையை அறுத்துருவே’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் எனக்குக் கை ஓடுது.” உண்மைதான். பதினோரு வருஷமாக அவள் பார்க்கும் இயந்திரத்தில்தான் இழை குறைவாக அறுந்தது. அதனால் அவளையே சூப்பர்வைசராக்கி, மேனேஜர் ஒரு காலையில் எல்லோர் முன்னாலும் உத்தரவுக் காகிதத்தை நீட்டினார். மயிலாத்தாள் சிரித்தபடி கை நீட்டிய நொடியில் கரண்ட் போயிற்று. இயந்திரங்கள் ஓய்ந்தன. அந்த அமைதியில் அவளுடைய குரலே தெளிவாகக் கேட்டது: “உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? இப்பப் பாரு, நீ இழையை அறுத்துருவே.” எல்லோரும் மயிலாத்தாளின் உதட்டைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது. ருக்கு ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஓடாத இயந்திரத்தில் இழை ஒன்று தானாக அறுந்தது. பிறகு இன்னொன்று. காகிதத்தைத் தொடப்போன கை பாதி வழியில் நின்றது. உங்கள் வீட்டில் எல்லா இரைச்சலும் அடங்கும்போது, கண்ணுங்களா, நல்ல சொல்லாகவே கேட்கட்டும்.