தூரத்து லென்ஸ்

"இது பத்தாதுங்க. இன்னும் தள்ளி நின்னு எடுக்கணும்" என்று மூன்றாவது லென்ஸையும் கண்ணாடி மேசைமேல் திருப்பி வைத்தான் திருமுருகன். பக்கத்தில் நின்ற அவன் மனைவி ரஞ்சிதாவுக்கு உடம்பு கூசியது. கடைக்காரர் ஆனந்தராஜ் மீசைக்குள் சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

கீழராஜ வீதியில் கேமராவும் லென்ஸும் வாடகைக்கு விடுகிறவர் ஆனந்தராஜ். தை பிறந்துவிட்டால் ஜல்லிக்கட்டுக்கென்று கேட்டு வருகிற கூட்டம் அவருக்குப் பழக்கம். வருகிறவன் எல்லாம் மாட்டுக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்றுதான் கேட்பான். எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்று கேட்டு வந்தவன் இவன் ஒருத்தன்தான்.

"வாடிவாசல்கிட்ட எடம் கெடைக்காதா சார்?" என்றார்.

"அதெல்லாம் எங்க அண்ணன் கவியரசன் மொத வரிசையிலயே சொல்லி வச்சிருக்காரு" என்று முந்திக்கொண்டாள் ரஞ்சிதா. "கல்யாணத்துக்குக் கேமராவ வாங்கிக் குடுத்ததே அவருதான். அவரு மாடு புடிக்கிறத இவரு படம் எடுக்கணுமாம்."

"அப்பக் கேமராவோட வந்த லென்சே போதுமே! ரொம்ப ஆசைன்னா இந்த எழுவது-முன்னூறு லென்ச எடுத்துக்கங்க. அதுக்கு மேல போனா கனம் சார். கை ஆடும், ஓடுற மாடு படத்துக் கட்டத்துக்குள்ள நிக்காது."

"நான் மொத வரிசையில நிக்கலங்க. அங்கிட்டுப் பள்ளிக்கூட மொட்டமாடியில நிக்கலாம்னு இருக்கேன்."

ரஞ்சிதாவுக்கு இது புதுச் செய்தி. அந்த மாடியில் கைப்பிள்ளைக்காரிகளும் வாண்டுகளும்தான் நிற்பார்கள். மானம் கப்பலேற இனி என்ன பாக்கி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் பிறந்தது குன்றாண்டார்கோவில் பக்கம், மாடுபிடி வீடு. அப்பா வயிற்றில் கொம்பு கிழித்த தழும்பு உண்டு. அதைச் சட்டையைத் தூக்கிக் காட்டாமல் அவர் யாரோடும் பேச ஆரம்பித்ததில்லை. அண்ணன் கை வைத்த காளை அடுத்த வருசம் வாடிவாசலுக்கு வராது, சந்தைக்குத்தான் போகும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே பெருமையடித்தவள் அவள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "மாப்பிள்ள மாடு புடிப்பீங்களா?" என்று கேட்டதற்கு இந்த மனுசன் தரையைப் பார்த்துச் சிரித்தான். அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் 'பயந்தாங்கொள்ளி மாப்பிள்ளை'. இந்த வருசம் பாருங்கள், முன்னால் நின்று படம் எடுப்பார் என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆனந்தராஜ் உள்ளே போய் உலக்கை மாதிரி ஒன்றைத் தூக்கி வந்தார். "நூத்தம்பது-அறுநூறு. இதுக்கு மேல நம்மகிட்ட இல்ல சார்."

திருமுருகன் அதை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். தெருக்கோடியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆளின் மீசை நுரை வரைக்கும் தெரிந்தது. அவன் முகம் மலர்ந்துபோனது.

"அண்ணே, நான் இம்புட்டுத் தூரத்துல நின்னா, அங்கேருந்து பாக்கையில என் மூஞ்சி தெரியுமா?"

"லென்சே பாதி மூஞ்சிய மறைச்சிரும். யாருக்கு சார் தெரியக்கூடாது?"

அவன் லென்ஸை இன்னொரு தடவை தெருக்கோடிக்குத் திருப்பினான். மச்சானுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறான் என்று ரஞ்சிதா முடிவு கட்டினாள். அத்தனை நேரம் அடக்கி வைத்த நாக்கு அதற்கு மேல் நிற்கவில்லை.

"இதவிடப் பெருசு வந்தாச் சொல்லுங்கண்ணே. அடுத்த வருசம் எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே எடுத்துருவாரு."

ஆனந்தராஜ் வாய்விட்டுச் சிரித்தார். கடைக்கு வந்திருந்த இன்னொருவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். திருமுருகன் தலையைக் குனிந்துகொண்டு லென்ஸுக்கு மூடி போட்டான். கட்டினவனை நாலு பேர் முன்னால் இப்படிப் பேசிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

"மாட்டுக்கு இம்புட்டுப் பயப்படுற ஆளுன்னு எங்கண்ணங்கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"பயமில்ல ரஞ்சிதா" என்றான் அவன். குரல் அவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கே வந்தது. "சேவுகன்னு ஒருத்தரு ஒங்க ஊரு வாடியில மொத மொதலா ஒரு செவலக் காளைய அவுக்குறாரு. அது எங்க கொட்டில்ல பொறந்த கன்னு. நம்ம கல்யாணச் செலவுக்குத்தான் வித்தோம். அது ஓடுறத ஒரு படமாவது எடுத்து வச்சுக்கணும்."

பெரிய மண்டபம்தான் வேண்டும் என்று அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றவள் ரஞ்சிதா. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கடைக்காரர் பக்கம் திரும்பவும் கூச்சமாக இருந்தது.

"அதுக்கு நீங்க ஏன் ஒளிஞ்சு நிக்கணும்? கிட்டவே நின்னு எடுக்கலாம்ல?"

திருமுருகன் லென்ஸைப் பையில் போட்டு மெதுவாக ஜிப்பை இழுத்தான்.

"என்னயப் பாத்துச்சுன்னா, அது ஓடாம நின்னுடும்."