நீர் நின்ற பாத்தி

நல்லசாமி ஜீப்பை விட்டு இறங்கியதே, பின்னால் நின்ற வெள்ளைக் காரோடு சண்டை பிடிக்கத்தான்.

மலைப்பாதைக்குக் குறுக்கே ஒரு தைல மரம் விழுந்து கிடந்தது. இந்தப் பக்கம் நாற்பது வண்டி, அந்தப் பக்கம் அதற்கு மேல். இடப்புறம் பாறை, வலப்புறம் பள்ளம். ஜீப்பைத் திருப்பவும் வழியில்லை. இரண்டு பேர் மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக் கார் மட்டும் அரை மணி நேரமாக ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னங்க, சண்டைக்குப் போகாதீங்க. வந்த சோலியப் பாருங்க" என்றாள் அம்சவள்ளி, ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி.

வந்த சோலியை எங்கே பார்ப்பது? பன்னிரண்டு மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இப்போதே பதினொன்று.

வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்திருந்தது. நுரையீரல் விரிய இடமில்லை. ஊசி வழியாக ஒரு சின்னக் குழாயை வைத்து அந்தத் தண்ணீரை வடிக்க வேண்டும். அது தெரிந்த டாக்டர் ஒருவர்தான். அவரும் சாயங்காலம் வெளிநாட்டுக்குப் பறக்கிறார். திரும்பி வர இரண்டு வாரம்.

"அதுவரைக்கும் பிள்ளை தாங்காது" என்று கொடைக்கானலில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சொல்லி, படத்தையும் அவருக்கு அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குச் சொல்லலாம் என்றால் செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. மூச்சுவிட இடமில்லாமல் நெருக்குண்டு கிடப்பது எப்படி என்று பிள்ளை அப்பனுக்கும் காட்டிக்கொண்டிருந்தது.

நல்லசாமி சண்டைக்காரன்தான். ஆனால் சொந்த ஊரான பூம்பாறையில் அவன் போட்ட சண்டைகளில் பாதி, எதிராளிக்குத் தெரியாமலே முடிந்தவை. இருந்தாலும் கார்க் கண்ணாடியைத் தட்டினான்.

உள்ளே குரங்குக் குல்லாவோடு ஒருவர். பக்கத்து இருக்கையில் சாக்லேட் டப்பாக்கள்.

"சார், மரத்துக்குக் காது கேக்காதுங்க. அம்புட்டு அவசரம்னா எறங்கி வந்து ரெண்டு வெட்டு வெட்டுங்க."

அவர் ஜீப்பைப் பார்த்தார். அதன் பூண்டு வாசனை இங்கே வரை வந்திருக்க வேண்டும்.

"என் அவசரம் உனக்கென்னய்யா தெரியும்? ரெண்டு மணி நேரம் லேட்டாப் போனா உன் பூண்டு அழுகிடுமா?"

வீட்டிலேயே யோசித்து வைத்திருந்த நல்ல வசவுகள் நான்கைந்து நல்லசாமியிடம் இருந்தன. ஒன்றும் வரவில்லை.

"பூண்டு அழுகாதுங்க. பாத்தியில தண்ணி நின்னாத்தான் பருக்காமப் போகும். எம் பிள்ளை நெஞ்சுலயும் அப்படித்தான் தண்ணி நிக்கிதாம். வடிகால் வெட்டுற டாக்டரு இன்னைக்கு விட்டாக் கெடைக்க மாட்டாரு. நான் ஹாரன் அடிச்சனா, சொல்லுங்க?"



ஹாரன் நின்றது.

அவர் குல்லாவைக் கழற்றினார். ஜீப்பின் முன் இருக்கையை, அங்கிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த அம்சவள்ளியைப் பார்த்தார்.

"இடது பக்கம்தானே?" என்றார் மெதுவாக.

நல்லசாமி ஆமாம் என்று தலையாட்டினான்.

ஆட்டி முடித்த பிறகுதான், எந்தப் பக்கம் என்று தான் சொல்லவே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.