கனைத்தால் வேண்டாம் என்று அர்த்தம்

"க்கும்" என்றார். நாற்காலியில் உட்கார்வதற்குள் இது மூன்றாவது தடவை.

தச்சர். கட்டிலும் அலமாரியும் செய்கிறவர். சட்டைக் காலரில், காதோர முடியில், புருவத்தில்கூட மரத்தூள்.

தொண்டையில் எப்போதும் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, துப்பினால் வருவதில்லை, விழுங்கினால் போவதில்லை, படுத்தால் இன்னும் மோசம் என்றார். பத்து வருஷமாம். யாரிடமும் காட்டாமல் வெந்நீர் குடித்தே ஓட்டியிருக்கிறார். அசாத்தியப் பொறுமை, அல்லது அசாத்தியப் பிடிவாதம்.

என் முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னேன்.

தொண்டையின் பின்சுவர் கூழாங்கல் பதித்த மாதிரி மேடு மேடாகச் சிவந்திருந்தது. மேலேயிருந்து சளி மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தொண்டையில கோளாறு இல்ல சார். மூக்குல ஊறுற சளி பின்பக்கமா இறங்குது. மரத்தூள் உங்களுக்கு ஒத்துக்கல. அதான் கனைச்சுக்கிட்டே இருக்கீங்க."

வேலை செய்யும்போது முகக்கவசம். வேலை முடிந்ததும், கொதிக்கவைத்து ஆறவைத்த உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். மூக்கில் அடிக்க ஒரு மருந்து. தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வேண்டும். சில வாரங்களில் நன்றாகக் குறையும் என்றேன்.

"இதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா டாக்டர்? இது மூக்கோட வேலை, என் வேலை இல்லன்னு?"

லீவுக்குச் சான்றிதழ் கேட்பவர்கள் உண்டு. கனைப்புக்குக் கேட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பிறகு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். வீட்டில் யாரும் அவரிடம் எதையும் முழுசாகச் சொல்வதில்லையாம். மனைவி பச்சைத் திரைச்சீலை வாங்கலாமா என்று ஆரம்பிப்பார், இவர் கனைப்பார், "சரி, விடுங்க" என்று அவர் எழுந்துவிடுவார். மகன் மோட்டார் சைக்கிள் என்று வாயெடுப்பான். ஒரு கனைப்பில் ஜகா வாங்கிவிடுவான். அப்பா கனைத்தால் வேண்டாம் என்று அர்த்தம். தன் வீட்டில் இப்படி ஒரு சட்டம் அமலில் இருப்பதே போன வாரம் மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவரை, தன்னை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாராம்.

"திரைச்சீலை போனா போகுது டாக்டர். மூணு வருஷம் முன்னாடி என் பொண்ணு ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதைச் சொல்ல வாயெடுத்தேன், கனைப்பு முந்திக்கிச்சு. ஒரு தடவையா ரெண்டு தடவையா! பையன் பாதி டீயை வெச்சுட்டு எழுந்து போயிட்டான். அவளும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல. இவளுக்கே மனசு மாறிடுச்சுபோலன்னு நான் விட்டுட்டேன். இன்னிக்கு வரைக்கும் வேற எந்த வரனுக்கும் அவ சரின்னு சொல்லல."

மருந்துச் சீட்டில் என் பேனா நின்றது.

அந்தப் பையனாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டான். மூக்குக்கு மேல் கோபம் வரும் அவனுக்கு. அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இத்தனைக்கும் அப்போது அவன் காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில்தான் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து அத்தனை கனைப்பையும் கேட்டும், அது வெறும் சளி என்று கண்டுபிடிக்கத் துப்பில்லாமல் போயிற்று எனக்கு.

முகக்கவசத்தைக் கழற்றினேன். வெட்கத்தில் காது சுட்டது.

அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"இங்கதான் காட்டணும்னு அவ ஒத்தக் கால்ல நின்னா தம்பி. வெளியதான் உட்கார்ந்திருக்கா. கூப்பிடட்டுமா?"

நானே கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன்.