ஒரு சிட்டிகை நரகம்

திரையில் நான் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். நாலாவது வினாடி அம்மாவின் தாலியைப் பறித்துக்கொண்டு ஓடினேன்.

மாரெட்பள்ளி கல்யாண மண்டபம் குலுங்கிச் சிரித்தது.

சம்பந்தம் சாரின் சதாபிஷேகம். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் பேரன் ஜெயந்த், பரணில் கிடந்த பழைய கேசட்டை சிடியாக்கிப் போட்டிருந்தான். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப் தமிழ்ச் சங்கத்துக்காக சார் எழுதி இயக்கிய போதை எதிர்ப்புப் படம். பெயர் 'ஒரு சிட்டிகை நரகம்'. கதாநாயகன் நான்.

வில்லன் இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. இடி முழக்கத்துக்கு யாரோ எவர்சில்வர் தாம்பாளத்தைத் தட்டுவது ஓரத்தில் தெரிந்தது. எனக்கு அம்மாவாக நடித்த கல்பகம் என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது நரைக்காகப் பூசிய பவுடர் பறந்தது.

நான் ஒரு தெருநாயைக் கடவுள் என்று நினைத்துக் கும்பிட்டேன். நாய்க்கே பொறுக்கவில்லை, எழுந்து போய்விட்டது.

என் மகள் அனுபமாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஹைடெக் சிட்டியில் எனக்குக் கீழே அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். நல்லவேளை, ஒருவரும் வரவில்லை. போகிற மானம் மொத்தமாகப் போகட்டும் என்று எழுந்து நின்று சபைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கட்டிலில் சுருண்டு நடுங்குகிறேன். பல் கிட்டுகிறது. தம்ளரைப் பிடிக்க முடியாமல் தண்ணீர் மார்பில் கொட்டுகிறது.

சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அங்கிள், மத்ததெல்லாம் டப்பா. ஆனா இந்த நடுக்கம் கமால்! எப்படிப் பண்ணீங்க?" என்றான் ஜெயந்த்.

என் மனைவி வசந்தியும் மகளும் என்னையே பார்த்தார்கள். அவர்களுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சார் முந்திக்கொண்டார்.

"நான்தாண்டா சொல்லிக்குடுத்தேன். வர்றதுக்குள்ள என் பிராணனை வாங்கிட்டான்."

மண்டபம் மறுபடி சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிராணனை வாங்கியது உண்மை. சொல்லிக்கொடுத்தது பொய்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பிரவுன் சுகரும் ஜிகினாத் தாளுமாக அவரிடம் நான் அகப்பட்ட மறுநாள்தான் அந்தப் படமே பிறந்தது. சார் அப்போது எங்கள் தொழிற்சாலையில் வெல்ஃபேர் ஆபீசர். மேலிடத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். அவர் வசனம் எழுதினார்.

ஷூட்டிங் என்று வீட்டில் சொல்லி என்னைக் கிளப் அறையிலேயே தங்க வைத்தார். பக்கத்தில் பாய் போட்டு அவரும் படுத்தார். நான் நடுங்கினேன், வாந்தியெடுத்தேன், அழுதேன். ஒவ்வொன்றுக்கும் கேமராவுக்குப் பின்னால் நின்று "ஒன் மோர்" என்றார். இன்னும் நன்றாகச் செய்கிறேன் சார் என்று நானே கெஞ்சியதும் உண்டு. பெரிய நடிகன் என்று நினைப்பு.

இருபது நிமிடப் படத்துக்கு நாற்பத்தோரு நாள் படப்பிடிப்பு.

அதில் முப்பது நாளுக்கு மேல் கேமராவில் கேசட்டே இல்லை.